பதினான்கு பேரின் பங்கும் என் ஒரு பெயரும்

அனுப்புநர்
பெ. வெள்ளைத்துரை (வயது 71),
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர்,
பிள்ளையார் கோவில் தெரு,
ஆமத்தூர் அஞ்சல், விருதுநகர் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சூலக்கரை, விருதுநகர்.

பொருள்: வைத்யலேகா சாஃப்ட்வேர் லிமிடெட் என்னும் மருத்துவமனை மென்பொருள் நிறுவனத்தின் 3,850 பங்குகள் – பட்டாசுத் தொழிலாளர் பதினான்கு பேருக்கு உரியவை, என் பெயரில் உள்ளவை – 30.03.2009 மாலைக்குள் ஒப்படைத்தால் மட்டுமே பணம் கிடைக்கும் நிலை – பங்குத் தரகரின் கிளை பூட்டிக் கிடத்தல் – தாங்கள் தலையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தேர்தல் அறிவிப்பால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் நடைபெறவில்லை என்று அறிந்தேன். நேரில் சொல்ல வழியில்லாததால், அலுவலக வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் இந்த மனுவை இடுகிறேன். பெட்டியில் விழும் தாள்களை வாசிப்பவருக்கு நேரம் குறைவாக இருக்கும். ஆகவே பின்னால் வருவதை முன்னாலேயே எண்ணிட்டுத் தருகிறேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, பொறுத்துக்கொள்ளவும்.

1. பதினான்கு பேரின் பங்குகள் என் ஒருவன் பெயரில் இருக்க நேர்ந்த விதம்.
2. அந்தக் கம்பெனியை நாங்கள் தேர்ந்தெடுத்த காரணம்.
3. தரகர் கிளையின் மேலாளர் திரு. அ. ஸ்ரீராம்குமார், இந்தப் பங்குக்கும் பட்டாசைப் போல் சீசன் உண்டு என்று தவறான யோசனை கூறியது.
4. அந்த யோசனையால் நேர்ந்த இழப்பு.
5. இப்போது வந்துள்ள ஒரே வாய்ப்பும் அதன் கடைசி நாளும்.
6. கிளை பூட்டப்பட்டதும் மதுரை அலுவலகத்தின் பதிலும்.
7. எங்கள் கோரிக்கைகள்.

1. ஆமத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுத் தொழிற்சாலைக்குக் காலை ஆறேகாலுக்கு ஒரு வேன் புறப்படும். என் மனைவி காலமான பிறகு வீட்டில் இருக்க முடியாமல், அந்தத் தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு எழுதும் வேலையில் சேர்ந்தேன். வேன் ஓட்டுநர் பலவேசம் அவர்களுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் ஆங்கிலச் செய்தித்தாள் படிப்பேன். பின்னால் உள்ளவர்கள் கேட்டால் தமிழில் சொல்வேன். 2006 தொடக்கத்தில் ஒரு நாள், பட்டாசுக்கு மருந்து அடைக்கும் திருமதி. சின்னத்தாய் பங்கு விலைப் பக்கத்தை எட்டிப் பார்த்து, "இம்புட்டுப் பொடி எழுத்துல என்ன வாத்தியாரய்யா போட்டுருக்காக? சரக்கு வெலைப் பட்டியலா?" என்று கேட்டார். பங்கு என்றால் என்ன என்று விளக்கினேன். பாடம் நடத்திப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று தொடங்கிய விளக்கம் சாத்தூர் தாண்டியும் முடியவில்லை. மறுநாளும் கேட்டார்கள்.

பங்கு வாங்க பான் கார்டும், வங்கிக் கணக்கும், வாங்கிய பங்குகளைக் கணினிப் பதிவாக வைக்கும் டிமேட் கணக்கும் வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவன் என்பதால் முதலிரண்டும் வேனில் என் ஒருவனிடம்தான் இருந்தன. மூன்றாவதை, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட கூடலரசி ஷேர் சர்வீசஸ் என்னும் தரகு நிறுவனத்தின் விருதுநகர்க் கிளையில் தொடங்கினேன். எல்லோருடைய பங்கையும் என் பெயரில் வாங்கி, யாருக்கு எத்தனை என்பதை ஒரு நோட்டில் எழுதி, அவரவர் கையெழுத்தோ கைநாட்டோ பெற்றேன். எனக்கென்று அதில் ஒரு பங்கும் கிடையாது. இப்படிச் செய்வது முறையல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். படித்தவன் முன்னரே அறிந்திருக்க வேண்டும். நான் நாளை இறந்தால் பங்குகள் என் மகனுக்குப் போகும். அவன் நல்லவன். ஆயினும் வங்கியோ கம்பெனியோ அவனிடம் அந்த நோட்டைக் கேட்கப்போவதில்லை. இந்த ஒன்றை நினைத்தே சில மாதங்களாக நான் என் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறேன்.

2. அதே ஆண்டு மாசி மாதம், லோடு ஏற்றும் திரு. பாண்டிராஜ் விரலில் பெட்டி விழுந்து விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே கணினியில் பெயரைத் தட்டியதும், முந்தைய ஆண்டு அவர் வயிற்றுவலிக்கு வாங்கிய மருந்து வரை எல்லாம் வந்துவிட்டதாம். "நானே மறந்துட்டேன் வாத்தியாரய்யா, அந்த டப்பா மறக்கல" என்றார். மருத்துவமனை கொடுத்த சீட்டின் அடியில் வைத்யலேகா என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. செய்தித்தாளின் பங்கு விலைப் பக்கத்திலும் அதே பெயர் இருப்பதைக் கண்டோம். நாட்டில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது, அத்தனையிலும் இந்தச் சீட்டு வந்தால் எப்படியிருக்கும் என்று பேச்சு வளர்ந்தது. கம்பெனியின் லாப நட்டத்தையோ கடனையோ யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் ஆறு பேர் சேர்ந்து, மீந்திருந்த தீபாவளி போனஸில் 48 ரூபாய் வீதம் வாங்கினார்கள்.

3. தங்களுக்கு இந்தப் பக்கத்துத் தொழில் தெரிந்திருக்கும். பட்டாசின் விலை தீபாவளியைச் சுற்றியே நடப்பது. தீபாவளி முடிந்து நான்கைந்து மாதங்கள் விலை படுத்துக் கிடக்கும்போது கையில் பணம் உள்ளவர்கள் வாங்கி அடுக்குவார்கள். சீசன் வந்ததும் விற்பார்கள். இதில் தோற்றவரை எங்கள் ஆட்கள் அதிகம் கண்டதில்லை. இந்தக் கணக்கையே பங்குக்கும் பொருத்தி, மருத்துவமனைக் கம்பெனிக்கு மழைக்காலமே சீசன் என்றும், காய்ச்சல் பெருகினால் மருத்துவமனைகள் நிறையும், விலை ஏறும் என்றும், பங்குனியில் வாங்கிக் கார்த்திகையில் விற்பதே சரி என்றும் ஒரு யோசனை எங்களிடையே சொல்லப்பட்டது. இதைக் கூறியவர் கிளை மேலாளர் திரு. ஸ்ரீராம்குமார்.

அந்த ஆண்டுதான் சிக்குன்குனியா வந்தது. எங்கள் வேனில் நடக்க முடிந்தவர்கள் பாதிப்பேர். ஏறும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பங்கின் விலையும் ஏறிக்கொண்டே போனது. "நமக்கு மூட்டு வலிக்க வலிக்கக் கம்பெனிக்கு எலும்பு பலக்குது" என்றார் சின்னத்தாய். பாண்டிராஜ், "அப்பம் கொசுவு பேருல ரெண்டு பங்கு எழுதிப் போடுங்க வாத்தியாரய்யா, அதுவும் பாவம் ராப்பகலா உழைக்குது" என்றார். வேன் குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தால் முதுகு வலிக்கிறது என்று அதற்கும் சிரித்தார்கள். கார்த்திகையில் 121 ரூபாய்க்கு விற்றோம். தையில் விலை இறங்கியது. 2007 பங்குனியில் 85 ரூபாய்க்கு மீண்டும் வாங்கியபோது ஆறு பேர் பதினான்கு ஆகியிருந்தார்கள்.

சீசன் யோசனை ஒரு முறை பலித்துவிட்டது. அதற்குப் பின் அதை யாரும் சோதிக்கவில்லை.

4. 2007 கார்த்திகையில் விலை 168. விற்கலாமா என்று வேனில் பேச்சு நடந்தது. ஓட்டுநர் பலவேசம், "நம்ம மொதலாளி தீவாளிக்கு மொத நா சாயந்தரம் வரைக்கும் வெலய எறக்குவாரா? ஏறுற சரக்க நாம மட்டும் எதுக்கு இப்பமே தள்ளணும்?" என்று கேட்டார். எல்லோருக்கும் சரியாகப் பட்டது. தீபாவளிக்குப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் உண்டு. அதற்கு முதல் நாள் எது என்று குழந்தைக்கும் தெரியும். காய்ச்சலுக்கு அப்படி ஒரு நாள் இல்லை என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் 212 வரை போனது. பிறகு இறங்கியது. தையில் இறங்குவதுதானே வழக்கம் என்று இருந்தோம்.

பங்குனியில் விலை 74க்கு வந்தபோது, சீசன் இல்லாத நேரம், மலிவு என்று மேலும் வாங்கினோம். கையில் பணம் இல்லாதவர்கள் தொழிற்சாலையில் அட்வான்ஸ் வாங்கினார்கள். அட்வான்ஸ் வாங்கியவர் அதை அடைக்கும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது. இது எழுதாத ஏற்பாடு. ஆயினும் எழுதியதைவிட உறுதியானது. சின்னத்தாய் பதினோராயிரம் வாங்கினார்.

மழைக்காலம் வந்தது. காய்ச்சலும் வந்தது. விலை மட்டும் 60, 35, 20 என்று போய், 2008 டிசம்பரில் 9 ரூபாயில் நின்றது. உலகம் முழுவதும் பங்குகள் விழுந்த ஆண்டு அது என்று செய்தித்தாளில் படித்தேன். வேனில் உலகத்தைப் பற்றிச் சொன்னபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதிலிருந்து நான் செய்தித்தாளை விரிப்பதில்லை.

பதினான்கு பேரும் போட்டது ஏறத்தாழ மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். ஒவ்வொருவர் நிலையையும் எழுதித் தங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் கூற அனுமதிக்க வேண்டும். சின்னத்தாய்க்குச் சென்ற ஆனியிலிருந்து மூச்சிரைப்பு உள்ளது. மருந்துப் பொடி படும் இடத்தில் இனி உட்காரக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊரில் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டும் இருக்கிறார்கள். அட்வான்ஸை அடைக்காமல் போக முடியாது. மூச்சிரைத்துக்கொண்டே வருகிறார், மருந்து அடைக்கிறார். தினமும் காலையில் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வந்தார் என்று குறிப்பவன் நான். இப்போதெல்லாம் தலை நிமிர்ந்து பார்க்காமல், இருமல் கேட்டதும் குறித்துவிடுகிறேன்.

5. சென்ற பிப்ரவரி 26ஆம் தேதி, பங்குகள் என் பெயரில் இருப்பதால், பம்பாயிலிருந்து எனக்கு ஒரு தடித்த தபால் வந்தது. வைத்யலேகாவை வேறொரு பெரிய நிறுவனம் வாங்குகிறது. சிறு பங்குதாரர்களிடமிருந்து பங்கு ஒன்றுக்கு 26 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்ள முன்வந்துள்ளது. நான்கு முறை படித்தேன். முதல் மூன்று முறை தவறாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம். போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சின்னத்தாயின் 430 பங்குகளுக்கு 11,180 ரூபாய் வரும். அவர் வெளியே வர அது போதும்.

கடைசி நாள் 30.03.2009, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. அதன் பிறகு வாங்க மாட்டார்கள். சந்தையில் இந்தப் பங்கை இன்று கேட்பார் இல்லை.

6. பங்குகளை ஒப்படைக்க, என் டிமேட் கணக்கிலிருந்து மாற்றும் சிலிப்பில் நான் கையெழுத்திட்டு, தரகர் கிளை அதைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். விருதுநகர்க் கிளை 09.02.2009 முதல் பூட்டிக் கிடக்கிறது. மேலாளர் ஊரில் இல்லை. மதுரை அலுவலகத்துக்கு நான்கு முறை சென்றேன். மூன்று முறை வாசலில் இருப்பவர், "அடுத்த வாரம் வாங்க பெரியவரே" என்றார். நான்காம் முறை ஓர் அலுவலர் உட்காரச் சொன்னார். என் மாதிரிக் கையெழுத்து அட்டையும் கிளை முத்திரையும் மேலாளரிடமே இருப்பதாகவும், அவர் வந்து சரிபார்த்து ஒப்பமிட்டால் அன்றே அனுப்புவதாகவும், அவர் வராமல் மதுரை அலுவலகத்தால் எதுவும் ஆகாது என்றும் கூறினார். மரியாதையாகத்தான் பேசினார். எழுத்தில் கேட்டேன், தரவில்லை.

இன்னும் எட்டு நாட்கள் உள்ளன. அதில் ஒன்று ஞாயிறு. இன்னொன்று தெலுங்கு வருடப் பிறப்பு, அன்று வங்கிகள் திறந்திருக்குமா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

7. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) கூடலரசி ஷேர் சர்வீசஸ் நிறுவனத்தாரை அழைத்து, 30ஆம் தேதிக்குள் எங்கள் சிலிப்பை ஏற்று அனுப்பச் செய்ய வேண்டுகிறோம்.

(ஆ) இத்துடன் உள்ள நோட்டின் நகலைத் தங்கள் அலுவலகக் கோப்பில் சேர்த்து, பங்குகள் என்னுடையவை அல்ல, பதினான்கு பேருக்கு உரியவை என்பதற்கு ஒரு சான்றாக வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

(இ) தவறான யோசனை கூறிய திரு. ஸ்ரீராம்குமார் மீது விசாரணை நடத்த வேண்டுகிறோம்.

பதினான்கு பேரும் நேற்று, சனிக்கிழமை காலை, வேனில் வைத்து இணைப்புத் தாளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

8. இந்தப் பத்தி முன்னால் தந்த எண் வரிசையில் இல்லை. பதினான்கு பேரும் பார்த்ததில்லை. இதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

மூன்றாம் பத்தியில் எழுதியது தவறு. கைத்தவறு அல்ல. தெரிந்தே எழுதியது.

சீசன் என்பதைச் சொன்னவன் நான். முதல் முறை வாங்கிய மறுநாள், சின்னத்தாய், "ஏன் வாத்தியாரய்யா, பட்டாசுக்குத் தீவாளி மாதிரி இதுக்கும் ஒரு சீசன் இருக்குமில்ல?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேனில் அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழைக்காலம் என்றேன். காரணமும் அங்கேயே யோசித்துச் சொன்னேன். நன்றாக விளக்கினேன் என்றுகூட அப்போது நினைத்தேன்.

திரு. ஸ்ரீராம்குமார் அதற்கு நேர்மாறாகவே சொன்னார். 2008 பங்குனியில் அட்வான்ஸ் பணத்தோடு நான் கிளைக்குப் போனபோது, "சார், இது பட்டாசு இல்ல. இதுக்குச் சீசன்லாம் கிடையாது. புதுசா வாங்காதீக. இருக்கிறதுலயும் பாதிய வித்துருங்க" என்றார். மேசையருகே என்னையும் அவரையும் தவிர யாருமில்லை. தலையாட்டிவிட்டு வாங்கும் தாளை நிரப்பினேன். என் வயதில் பாதிகூட ஆகாதவர் சொல்வதா என்று நினைத்தேனா, வேனுக்குப் போய் என்ன சொல்வது என்று பயந்தேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். வேனில் அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

விலை 9க்கு வந்த பிறகு, "இந்தச் சீசன் பேச்ச மொதல்ல எடுத்தது யாரு? அந்த பிராஞ்சு மேனேசருதான?" என்று பலவேசம் கேட்டார். மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு மறந்துவிட்டிருந்தது. சின்னத்தாய் என்னைப் பார்த்தார். அவருக்கு மறந்ததா, தெரிந்தே விட்டுவிட்டாரா என்று இன்றுவரை அறியேன். நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு பேர் விருதுநகரில் ஸ்ரீராம்குமார் வீட்டு வாசலுக்குச் சென்று சத்தம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். கடைசியில் நின்றேன். அவருடைய தாயார் பாலம்மாள் ஒரு குடம் தண்ணீரும் தம்ளர்களும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, "வெயில்ல நிக்காதீக, நிழலுக்கு வாங்க. அவன் உங்க காசத் தொட்டிருந்தா நானே கொண்டாந்து தாரேன்" என்றார். யாரும் தண்ணீரைத் தொடவில்லை. மறுநாள் ஸ்ரீராம்குமார் ஊரை விட்டுப் போனார். அன்றுதான் கிளை பூட்டப்பட்டது. ஆறாம் பத்தியில் அதை எழுதாமல் விட்டேன்.

அவருடைய தந்தையார் திரு. அய்யாதுரை, வற்றல் மண்டி வைத்திருப்பவர், சென்ற புதன்கிழமை என்னிடம் சொன்னார்: "அட்டை, முத்திரை எல்லாம் அவன்ட்ட பத்திரமா இருக்கு. அவன் மேல பிராது இல்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க சார். மறுநாளே வந்து கையெழுத்துப் போடுவான். போலீசு பிடிச்சுட்டுப் போயிருமோன்னு பயந்து கெடக்கான்." பிராது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து, இந்த மனுவை எழுதினேன். பிராதை விட்டால் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை மறைக்கும் வழியாக எழுதிய மனுவே, எட்டு நாளில் அவர்களுக்கு வரவேண்டிய பணத்தைத் தடுக்கும் என்பது இன்று நகல் எடுக்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது. அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். பதினான்கு கையெழுத்தும் இந்தத் தாள்களோடு தைக்கப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் பெற நாளாகும். ஆகவே இதைச் சேர்த்து எழுதுகிறேன்.

முன்னால் தந்த வரிசையின் மூன்றாம் எண்ணையும், மூன்றாம் பத்தியில் அவர் பெயர் உள்ள வரியையும், ஏழாம் பத்தியின் (இ) பிரிவையும் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். திரு. ஸ்ரீராம்குமாரைக் குற்றம் சாட்டப்பட்டவராக அல்ல, முத்திரையும் அட்டையும் வைத்திருக்கும் மேலாளராக மட்டும், பயமின்றி வரலாம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லி அழைத்தால், அவர் வருவார் என்று நம்புகிறேன். இந்தப் பத்தியின் நகலை நாளை திரு. அய்யாதுரையிடமும் கொடுத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை காலை வேனில் எல்லோருக்கும் வாசிப்பேன். அதன் பிறகு அந்த முன்னிருக்கை எனக்கு இருக்குமா என்பது அவர்கள் முடிவு.

மற்ற பத்திகள் எனக்குத் தெரிந்தவரை உண்மை. கோப்பில் புகார் யார் மீது என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து என் பெயரை எழுதிக்கொள்ளவும். முகவரி முதல் பக்கத்தில் உள்ளது. விசாரணைக்கு எந்த நாளும் வருவேன். 30ஆம் தேதிக்குப் பின் என்றால் நல்லது.

இடம்: ஆமத்தூர்
நாள்: 22.03.2009

பணிவுடன்,
(ஒப்பம்) பெ. வெள்ளைத்துரை

இணைப்பு: பங்கு நோட்டின் நகல் (9 பக்கம்), பம்பாய் நிறுவனத் தபாலின் முதல் இரண்டு பக்கம், பதினான்கு பேரின் கையெழுத்துத் தாள் (பத்தி 1 முதல் 7 வரைக்கு மட்டும்).